முடி இறக்காத பிள்ளை

பாப்பிரெட்டிப்பட்டி
12.1.2025

அன்புள்ள மேனகா அக்காவுக்கு,

இரவு நெடுநேரம் ஆன பிறகு எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். கையெழுத்து கோணலாக இருந்தால் அது பாதி தூக்கக் கலக்கம், பாதி கோபம். நீங்களும் பெரிய மாமாவும் ஓசூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அத்தையும் உங்கள் கொழுந்தனாரும் நானும் நன்றாக இருக்கிறோம். தீர்த்திகா மட்டும் நன்றாக இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாம் ஒரே வீட்டு மருமகள்களாகச் சேர்ந்து இருந்தது ஆறு மாதம்தான். அதற்குள் கிணற்றுப் பங்கில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு, நீங்கள் ஓசூருக்குப் போய்விட்டீர்கள். உங்கள் விலாசத்தை அத்தையின் தங்கை மகன் சின்னராஜிடம் வாங்கினேன். போன் செய்யலாமே என்பீர்கள். இந்த வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். சட்டம் இல்லை, பழக்கம்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. வெள்ளையாக, உப்பலாக இருப்பாள். ஊரே மாவு பொம்மை என்று கொஞ்சியது. விலங்கியல் படித்த நானும் அதை நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் காய்ச்சலுக்கு அரூர் கூட்டிப் போனபோது டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஏழரைதான் இருக்கிறது. பதினொன்றாவது இருக்க வேண்டுமாம்.

“புள்ள என்ன சாப்பிடுது?” என்றார்.

“பால்.”

“அப்புறம்?”

“பால் சோறு.”

“அப்புறம்?”

“பால்ல நனைச்ச ரொட்டி.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தீர்த்திகா பிறந்த மாதம் அத்தை ஒரு மாடு வாங்கினார்கள். அதன் பால் ஒரு சொட்டுகூட சொசைட்டிக்குப் போகாது. முழுக்கப் பாப்பாவுக்குத்தான். விடிந்தால் பால், விளையாடினால் பால், அழுதால் பால். வயிறு பாலால் நிறைந்திருப்பதால் சோற்றைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். பாலைக் குறையுங்கள், கீரை, பருப்பு, கடலை, தினம் ஒரு முட்டை, வாரத்தில் ஒரு நாள் ஈரல் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் குறைந்தால் பிள்ளை வளர்வது மட்டுமல்ல, பேச்சும் புத்தியும் பின்தங்கும் என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து முட்டை என்றேன். அத்தை சொன்னது: “முடி எறக்காத புள்ளைக்குக் கவுச்சியா? முனியப்பனுக்கு என்னா பதில் சொல்றது?”

உங்களுக்குத் தெரிந்ததுதான். காட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து முடி இறக்கும் வரைக்கும் இந்த வீட்டுப் பிள்ளைக்கு முட்டை, கறி எதுவும் கிடையாது. முடி இறக்க வேண்டுமானால், மூத்தவர் கை அரிசி விழாமல் பொங்கல் பானை அடுப்பில் ஏறாது. மூத்தவர் பெரிய மாமா. அவர் வருவதில்லை. இவர் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தோற்றுவிட்டதாக அர்த்தமாம். இரண்டு ஆம்பளைகளின் வீம்புக்கு நடுவில் என் மகளின் ரத்தம் வற்றுகிறது.

பெரிய மாமாவை ஒரு நாள், ஒரே ஒரு நாள், வரச் சொல்ல முடியுமா? பதிலை இந்த முகவரிக்கே எழுதுங்கள். ஒளிந்து வாங்க எனக்கு விருப்பமில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, இவருக்குப் படிக்கப் பொறுமை கிடையாது.

உங்கள் தங்கை,
அன்பரசி


ஓசூர்
29.1.2025

அன்பான அன்புக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் இருக்கிறோம், குறை ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? மூன்று வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு காகிதம் வருகிறது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டுப் படித்தேன். கை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்தை வெட்டிவிட்டேன். ஜாக்கெட் கொடுத்த அம்மா கேட்டால் உன் பெயரைச் சொல்கிறேன்.

உங்கள் மாமாவிடம் பாதி சொன்னேன். “அவன் வந்து கூப்புடட்டும்” என்றார். மீதியை அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். எழுந்துபோய், நிற்காத தண்ணீர்க் குழாயை ரிப்பேர் செய்ய ஆரம்பித்துவிட்டார். அவர் குழாயைத் தொட்டால் மனசு இளகுகிறது என்று அர்த்தம். ஆனால் குழாய் சரியாகாது.

கொஞ்சம் பொறு. நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தையோடு இப்போதே மல்லுக்கு நிற்காதே. அந்த வீட்டில் ஒன்பது வருடத்துக்கு முன் விளக்கேற்றியவள் நான். அத்தை கெட்டவர் இல்லை. அவருக்கு அன்பு காட்டத் தெரிந்த ஒரே வழி தட்டை நிரப்புவது.

பாப்பா போட்டோ ஒன்று கடிதத்தோடு அனுப்பு. போனில் அனுப்பாதே, இவர் பார்த்துவிட்டு ரெண்டு நாள் தூங்க மாட்டார்.

இப்படிக்கு,
மேனகா


பாப்பிரெட்டிப்பட்டி
11.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தீர்த்திகாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். அழுதுகொண்டிருக்கும்போது எடுத்தது. ஏன் அழுதாள் என்று சொல்கிறேன்.

பாலை நிறுத்திவிட்டேன். முழுக்க இல்லை, காலையில் ஒரு டம்ளர், படுக்கும் முன் ஒரு டம்ளர். பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அத்தை அதை எடுத்துக் கழுவி அடுக்கில் வைத்தார்கள். மறுபடி போட்டேன். மறுபடி வந்து உட்கார்ந்தது. கடைசியில் அடியில் ஓட்டை போட்டு நானே அடுக்கில் வைத்துவிட்டேன்.

“மாடு கட்டி வச்சிருக்கற வூட்டுல புள்ளைக்குப் பாலில்லன்னு சொல்ற தாயை இப்பத்தான் பாக்கறேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்கள். பக்கத்து வீட்டு ராமக்கா வந்து எட்டிப் பார்த்தது. “பாலில்லன்னு சொல்லலீங்க, ரத்தமில்லன்னு சொல்றேன்” என்றேன். ராமக்கா தன் பேரன் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டது.

நான்கு நாள் நரகம். களியில் முருங்கைக் கீரையும் பருப்பும் பிசைந்து வைத்தால் துப்புகிறாள். என் மேல், சுவர் மேல், நாய் மேல். வறுத்த கடலையைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்தேன், பழத்தை மட்டும் நக்கிவிட்டுப் பொடியை உமிழ்ந்தாள். ஐந்தாம் நாள் பசி வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையை விட்டு, புளிக்குழம்பு ஊற்றிய களியை ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உறைத்தது. அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு உருண்டை எடுத்தாள். அந்த நேரத்துப் போட்டோதான் இது.

இரும்புச் சத்து மருந்து கொடுப்பதால் மலம் கறுப்பாகப் போகிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டு நான் ஏதோ விஷம் வைத்ததுபோல் அலறினார்கள். எடுத்துச் சொன்னேன், நம்பவில்லை. இவரிடம் முட்டையைப் பற்றிக் கேட்டால், “அம்மா மனசு நோகும், கொஞ்ச நாள் பொறுத்துக்க” என்கிறார். எத்தனை நாள் என்று கேட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பைநல்லூர் சந்தைக்குப் போய்விடுகிறார்.

பெரிய மாமா என்ன சொன்னார்? குழாய் என்ன ஆனது?

அன்புடன்,
அன்பரசி


ஓசூர்
13.3.2025

அன்புக்கு,

நீயும் பாப்பாவும் நல்லபடியாக இருக்கிறீர்களா? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தையல் வேலை அதிகம், வேறொன்றும் இல்லை.

உங்கள் மாமா சம்மதித்துவிட்டார். போட்டோவைத் தையல் மிஷின் மேல் ஒட்டி வைத்திருந்தேன். தினம் பார்த்தார். ஒரு நாள், “எங்கப்பன் மூக்கு” என்றார். மறுநாள், “அரிசி போட்டுட்டு ஒடனே கெளம்பிடுவேன், அவன்கிட்டப் பேச மாட்டேன்” என்றார். பேச வேண்டாம், அரிசி விழுந்தால் போதும் என்றேன். கடைசியில் தம்பி சிலம்பரசன் பேருக்கு அவரே ஒரு கார்டு போட்டிருக்கிறார். வந்திருக்கும். அதில் இரண்டே வரிதான் இருக்கும், அதை வைத்து நாள் குறித்துவிடுங்கள்.

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதே. சித்திரைக்குள் வைத்துவிடுங்கள். இவர் விடுப்பு எடுக்க மாசிக்கடைசியும் பங்குனியும் ஆகாது, அதனால் சித்திரை. ஆனால் வைகாசிக்குத் தள்ள வேண்டாம். யார் என்ன சொன்னாலும் தள்ள வேண்டாம்.

பாப்பா புளிக்குழம்பு களியை எடுத்துத் தின்ற இடத்தைப் படித்து எனக்கும் வாய் ஊறியது. இப்போதெல்லாம் புளிப்பு என்றால்தான் இறங்குகிறது.

இப்படிக்கு,
மேனகா


பாப்பிரெட்டிப்பட்டி
25.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாள் குறித்தாகிவிட்டது. மே நான்கு, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைதான். பெரிய மாமாவின் கார்டை இவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். “பாத்தியா, அவருதான் எழுதினாரு” என்று என்னிடம் காட்டினார். தோற்றது யார் என்ற பிரச்சினை தீர்ந்ததில் அவருக்கு நிம்மதி.

தீர்த்திகாவுக்கு மறுபடி ரத்தம் பார்த்தோம். எட்டரை. ஏறியிருக்கிறது, போதாது. டாக்டரம்மா, “முட்டை ஆரம்பிச்சாச்சா?” என்றார். “ஆரம்பிச்சாச்சுங்க” என்றேன். பொய் இல்லை அக்கா.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மே மாதம் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது. இவருக்கென்று மூன்று முட்டை வேகவைப்பேன். தட்டுக்கு இரண்டுதான் போகும். மூன்றாவதின் மஞ்சள் கருவைக் களியோடு பிசைந்துவிட்டால் பார்க்க வித்தியாசமே தெரியாது. முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் நாள் தட்டை வழித்தாள். இப்போது பம்பு செட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் முழு முட்டையைக் கையில் கொடுத்துவிடுகிறேன். தானே உரிக்கிறாள். சிற்பம் செதுக்குகிற மாதிரி ஒவ்வொரு ஓடாக எடுத்து வரப்பில் வைக்கிறாள்.

முட்டை கொடுத்ததற்கு எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. ஒளித்துக் கொடுப்பதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது. என் பிள்ளைக்குச் சோறு போட நான் ஏன் பம்பு செட்டுக்குள் போக வேண்டும்?

நீங்கள் எழுதிய மூன்று கடிதத்தில்... இல்லை, இரண்டுதான். இரண்டிலும் உங்களைப் பற்றி ஒரு வரிகூட ஒழுங்காக இல்லை. உடம்பு எப்படி? சாப்பிடுகிறீர்களா? ஏன் வைகாசி வேண்டாம்?

அன்புடன்,
அன்பரசி


ஓசூர்
7.4.2025

அன்புக்கு,

நலமாக இரு. நாங்களும் அப்படியே.

முட்டை விஷயத்தைப் படித்ததும் பயந்துவிட்டேன். நீ செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மே நான்கு வரைக்கும் அத்தை கண்ணில் பட்டுவிடாதே. பட்டால் நாள் நின்றுவிடும். இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது அந்த ஒரு நாளுக்காக. இந்த முறை நின்றால் இப்போதைக்கு இல்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

காரணம் கேட்காதே என்றேன், கேட்டிருக்கிறாய்.

பானையில் அரிசி போட இவர் மட்டும் வருவார். எனக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. பாப்பாவை நேரில் பார்க்க வேண்டும் என்று எவ்வளவோ ஆசை. பரவாயில்லை.

மேனகா


பாப்பிரெட்டிப்பட்டி
22.4.2025

அக்கா,

உடம்பை விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முடி இறக்குவதைப் பற்றிப் பேச நான்கைந்து பங்காளிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சின்னராஜும் ஓசூரிலிருந்து வந்திருந்தான். கோழிக்குழம்பும் அவித்த முட்டையும் வைத்தேன். தீர்த்திகாவுக்குத் தனியாகப் பருப்புச் சோறு. எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் நடந்துபோய், பங்காளி பெரியண்ணன் சித்தப்பா இலையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். எடுத்ததோடு விட்டாளா? உட்கார்ந்து, இரண்டாகப் பிளந்து, வெள்ளையை அவர் இலையில் திருப்பி வைத்துவிட்டு, மஞ்சளை மட்டும் வாயில் போட்டுக்கொண்டாள்.

சித்தப்பா சிரித்துவிட்டார். “இது பழகுன கையால்ல இருக்குது?”

அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். “எத்தன நாளா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

“ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்க அத்தை. தினம்.”

“சாமி குத்தம்டி.”

“முனியப்பன் கெடா வெட்டு வாங்கற சாமிங்க. ஒரு முட்டைக்கு எம்புள்ளகிட்ட கோவிச்சுக்குமா?”

“அதுக்கு மொதல்ல, அப்புறம் நமக்கு. முந்திக்கிட்டுத் தின்னா அது எச்சில். எச்சப்பட்ட புள்ளைக்கு எப்பிடிப் பானை வைக்கிறது? ஒரு வருசம் கவுச்சி இல்லாம இருந்து, அப்புறம்தான் நாள் பாக்கணும்.”

இவர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிரவில்லை. அதனால் நானே பேசினேன். “ஒரு வருசம் இல்லீங்க, ஒரு நாள்கூட நிறுத்த மாட்டேன். முடி வளர்ந்துகிட்டுத்தான் இருக்கும், எப்ப வேணும்னாலும் எறக்கலாம். நாளைக்கு மத்தியானம் இங்கயே, இதே எடத்துல உட்கார வச்சு முட்டை குடுப்பேன். பம்பு செட்டுக்கு இனிமேப் போக மாட்டேன்.”

அப்போதுதான் சின்னராஜ், நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று வாயைத் திறந்தான். “வுடு பெரிம்மா, எப்பிடியும் பானை ஏறாது. மேனகா அண்ணி முழுகாம இருக்காங்க. கடைத்தெருவுல பாத்தேன். அஞ்சு மாசம் இருக்கும்.”

பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முனியப்பன் பானையைத் தொடக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மட்டும் அப்போதுதான் புரிந்தது. சித்திரைக்குள் ஏன், வைகாசி ஏன் வேண்டாம், பஸ் ஏன் ஒத்துக்கொள்வதில்லை, எல்லாம்.

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்கள். நாள் நின்றுவிட்டது. என் முட்டையாலா, உங்கள் வயிற்றாலா என்று பங்காளிகள் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா, ஒன்பது வருடம் காத்திருந்தது வந்திருக்கிறது. அதை ஊரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவர் நீங்கள். என் பிள்ளைக்காகவா மூடி வைத்தீர்கள்? இப்போது கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

அன்பரசி


ஓசூர்
1.5.2025

அன்புக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். பாப்பா அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

சின்னராஜை அந்தக் கடைத்தெருவில் பார்த்ததும் தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டான். பொங்கலுக்கு முன்பே எனக்குச் சந்தேகம். உன் முதல் கடிதம் வந்த வாரம்தான் உறுதியாயிற்று. சொன்னால் பாப்பாவுக்குக் குறைந்தது இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். சொல்லாமல் இருந்தால் வயிறு தெரிவதற்குள் சித்திரையில் முடிந்துவிடும். முனியப்பனுக்குத் தெரிந்திருக்குமே என்பாய். அதை நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்று இவரிடம் சொன்னேன். இவருக்குப் பயம்தான். ஆனால் அந்தப் போட்டோ.

மூடி வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதற்கு முன் வந்து, தங்காமல் போனவை உண்டு. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது சுலபம்.

உடம்பைக் கேட்டாய். ரத்தம் எட்டு. நர்ஸ் திட்டுகிறாள். முட்டையும் ஈரலும் சாப்பிடச் சொல்கிறாள். முடியாது. போன வருடம் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போயிருந்தபோது, பிள்ளை கொடுத்தால் அது கைக்கு வரும் வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டார். இப்போது நான் எப்படி வாக்கு மாறுவது? நீ பிள்ளைக்காகச் சாமியோடு சண்டை போடுகிறாய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. போட்டு, இதுவும் போய்விட்டால்?

மாத்திரை வாந்தியாகிவிடுகிறது. பார்த்துக்கொள்ளலாம். என்னைத் திட்டி எழுதாதே.

மேனகா


பாப்பிரெட்டிப்பட்டி
16.5.2025

அன்புள்ள மேனகா அக்காவுக்கு,

இன்றைக்கும் நேரம் கழித்துத்தான் எழுதுகிறேன், கால் வலி வேறு. வயிற்றில் இருப்பவர் அசைகிறாரா? தீர்த்திகா சுகம். ரத்தம் பத்தைத் தொட்டுவிட்டது. கன்னத்தில் அந்த மாவு வெளுப்பு போய் ஒரு கறுப்புச் சிவப்பு வந்திருக்கிறது. “நெறம் கொறஞ்சு போச்சே” என்று ராமக்கா வருத்தப்பட்டது. “ஆமாங்க, நல்லா கொறஞ்சிருச்சு” என்றேன்.

சித்திரை முடிந்துவிட்டது. முனியப்பன் காட்டில் பானை ஏறவில்லை. முடி தோளைத் தொடுகிறது, இரட்டைச் சடை போட்டுவிட்டேன். சொன்னபடி தினமும் மத்தியானம் நடு வீட்டில் உட்கார வைத்துத்தான் முட்டை கொடுக்கிறேன். அத்தை அந்த நேரத்தில் மாட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்கள். உட்காரட்டும். என்னோடு பேச்சும் இல்லை. இவர் போன ஞாயிறு கறிக்கடையிலிருந்து இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்றைச் சமையல் மேடையில் வைத்தார். இன்னொன்றை என் கையில் கொடுத்து, “ஈரல். பாப்பாவுக்கு” என்றார். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். மூன்று வாரம் தாமதம். வாங்கிக்கொண்டேன்.

உங்களைத் திட்டவில்லை அக்கா. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். வேண்டுதலை உடைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பயப்படாத இடத்தில் நீங்களும் பயப்படக் கூடாது என்று சொல்வது எளிது, ஆனால் நீங்கள் இழந்ததை நான் இழந்ததில்லை. அதனால் வேறு ஒன்று செய்தேன்.

அரூர் போய் முதலில் என் ரத்தத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்து இவரிடம் சத்தமாக, உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். “மேனகா அக்காவுக்கு ரத்தம் எட்டுதான் இருக்குது. தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டு கவுச்சி வுட்டுட்டாங்க. அந்த வேண்டுதலை நான் வாங்கிக்கப் போறேன். அவங்க புள்ள கைக்கு வர்ற வரைக்கும் நான் கவுச்சி தொட மாட்டேன். நாளைக்கு மலைக்குப் போறேன்.”

மறுநாள் காலை பாப்பாவை இவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினால், அத்தை செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்து கையில் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் பேசவில்லை. மலை ஏறும்போது பேசவில்லை. மூச்சு வாங்கி நின்றபோது என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேலே போனதும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன். அத்தைதான் சாமியிடம் பேசினார்கள். “சாமி, எம்பெரிய மருமவ மேனகா வேண்டிக்கிட்டத எஞ்சின்ன மருமவ அன்பரசி ஏத்துக்கறா. இனிமேக் கணக்கு இவகூட. அவளுக்கு ஒண்ணும் வரக் கூடாது.” காசு முடிச்சை என் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து உண்டியலில் போட வைத்தார்கள். அவர்கள் கை சில்லென்றிருந்தது.

படி இறங்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “வயித்துல இருக்கற புள்ளைக்கு சாமி எறங்கி வருதுங்க. இடுப்புல இருக்கற புள்ளைக்கு மட்டும் முனியப்பன் எறங்கி வராதா?” என்று கேட்டேன்.

பத்துப் படி இறங்கினார்கள். பிறகு, “அது வேற சாமி” என்றார்கள்.

மூன்று வாரத்தில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு வரவில்லை. சண்டை தீரவில்லை அக்கா. நாளை மத்தியானம் நான் முட்டை உரிப்பேன், அவர்கள் மாட்டைப் பார்ப்பார்கள். பெரிய மாமா எப்போது வருகிறாரோ அப்போது பானை ஏறட்டும். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பானையாகக்கூட ஏறட்டும். அதுவரைக்கும் இரண்டும் சாப்பிடும்.

அந்த வேண்டுதல் இனி உங்களுடையது இல்லை. என்னுடையது. நான் கடலையும் கீரையும் தின்று பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வாக்கு மாறவில்லை, வாக்கு கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடிதம் கிடைத்த அன்றே ஒரு முட்டை வேகவையுங்கள். வாந்தி வந்தால் அரை முட்டை. நர்ஸ் அடுத்த முறை என்ன எண் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சாப்பிட்டீர்களா என்று மட்டுமாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள் அக்கா.

அன்பரசி